கையில் ரிப்போர்ட், எதிரே இணையம்: மார்பகப் புற்றுநோயில் எந்தத் தகவலை எப்போது படிப்பது?

சித்தியின் பயாப்சி ரிப்போர்ட் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வந்தது. டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருந்தார்கள். நடுவில் மூன்று இரவுகள். சித்தப்பா அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "நீ படித்த பிள்ளை, என்ன போட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லம்மா" என்றார். நான் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். மருத்துவத்தில் எனக்கு எதுவும் தெரியாது. ஆனால் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள அந்தக் கிராமத்து வீட்டில் அன்றிரவு ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த மூன்று இரவுகளிலும், அதற்குப் பிறகு சிகிச்சை நடந்த மாதங்களிலும் இணையத்தில் கிடைப்பதில் பெரும்பகுதியைப் படித்துவிட்டேன். புற்றுநோய் அமைப்புகள் நோயாளிகளுக்காக எழுதிய பக்கங்கள், மருத்துவர்களுக்கான வழிகாட்டிகள், ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்கள், புள்ளிவிவரங்கள், நோயை அனுபவித்த பெண்களின் பதிவுகள், மருத்துவமனை வீடியோக்கள், வாட்ஸ்அப்பில் வந்தவை, கடைசியாக அரட்டைச் செயலிகள். எது நல்லது, எது கெட்டது என்று பிரிப்பதுதான் வேலை என்று தொடக்கத்தில் நினைத்தேன். அப்படிப் பிரித்தும் போதவில்லை. பொய்யான தகவல் என்னைக் குழப்பியது கொஞ்சம்தான். முழுக்க உண்மையான தகவல், ஆனால் வேறொரு பெண்ணின் நோயைப் பற்றியது, அதுதான் என்னை மிக அதிகமாக அலைக்கழித்தது.

முதல் இரவில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். ரிப்போர்ட்டில் "கிரேடு 2" என்று இருந்தது. "இரண்டாவது ஸ்டேஜாம்" என்று வீடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. சித்தி அடுப்படியில் இருந்தபடியே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிரேடு வேறு, ஸ்டேஜ் வேறு. நுண்ணோக்கியில் பார்க்கும்போது புற்று செல்கள் இயல்பான செல்களிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது கிரேடு. கட்டி எவ்வளவு பெரியது, அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் போயிருக்கிறதா, வேறு உறுப்புகளுக்குப் பரவியிருக்கிறதா என்பது ஸ்டேஜ். பயாப்சித் துணுக்கை மட்டும் வைத்து ஸ்டேஜ் சொல்லிவிட முடியாது. நான் பார்த்த தமிழ்ப் பக்கங்கள் சிலவற்றில் இரண்டுக்கும் "நிலை" என்ற ஒரே சொல்லைப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு சொல்லால் ஒரு வீடு ஓர் இரவைத் தூங்காமல் கழித்தது.

அடுத்த வரி இன்னும் மோசம். "ஹெர்2: 2+" என்று இருந்தது. ஹெர்2 என்பது புற்று செல்களின் மேல் இருக்கும் ஒரு புரதம்; அது மிக அதிகமாக இருந்தால் பாசிட்டிவ் என்பார்கள். கூட்டல் குறியைப் பார்த்ததும் பாசிட்டிவ் என்று முடிவு கட்டிவிட்டேன். பிறகு விடிகிற வரை ஹெர்2 பாசிட்டிவ் வகையைப் பற்றிப் படித்தேன்: அது வேகமாக வளரும், டிராஸ்டுஸுமாப் என்ற மருந்து தேவைப்படும், ஊசிகள் ஓராண்டு வரை போகும், செலவு இவ்வளவு. படித்ததில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது. ஆனால் 2+ என்றால் இன்னும் முடிவு தெரியவில்லை என்றுதான் பொருள். 0, 1+ இரண்டும் நெகட்டிவ், 3+ பாசிட்டிவ், 2+ வந்தால் ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் சொல்ல முடியும். இது அதே ரிப்போர்ட்டின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது. நான் அதுவரை படிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஃபிஷ் முடிவு நெகட்டிவ் என்று வந்தது. நான் அந்த இரவு படித்தது அத்தனையும் வேறு யாருக்கோ உரியது.

ஆகவே எந்த வகைத் தகவலைத் திறந்தாலும் அதற்கு முன் ரிப்போர்ட்டில் நான்கு விஷயங்களைத் தேடிக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பேன். நோயின் வகை (சித்திக்கு இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, அதாவது பால் நாளத்தில் தொடங்கி அதைத் தாண்டி வளர்ந்த புற்று), கிரேடு, ஈ.ஆர். மற்றும் பி.ஆர். என்னும் ஹார்மோன் ஏற்பிகள் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைப் பிடித்துக்கொள்பவை), ஹெர்2. இவை தெரியாமல் படித்தால் எல்லாமே நமக்குச் சொன்னதுபோல இருக்கும்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் போக வேண்டிய இடம், பெரிய புற்றுநோய் அமைப்புகள் நோயாளிகளுக்காக நடத்தும் பக்கங்கள். அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனம், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், பிரிட்டனின் மேக்மில்லன் என்ற தொண்டு அமைப்பு, 2000-ஆம் ஆண்டில் மரிசா வைஸ் என்ற புற்றுநோய் மருத்துவர் தொடங்கிய பிரெஸ்ட்கேன்சர்.ஆர்க் ஆகியவை நான் திரும்பத் திரும்பப் போனவை. ரிப்போர்ட்டில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுமையாக விளக்கம் தருகிறார்கள். தேசியப் புற்றுநோய் நிறுவனம் ஒரே பொருளை இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறது, நோயாளிகளுக்கு ஒன்று, மருத்துவத் துறையினருக்கு ஒன்று. முதலாவதைப் படித்துவிட்டு, இன்னும் தெரிய வேண்டுமென்றால் அதே தலைப்பில் இரண்டாவதைத் திறக்கலாம். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல் பேசிவிட்டு அதோடு கதவைச் சாத்திவிடுவதில்லை.

இவற்றின் குறை, அவை தத்தம் நாட்டின் நடைமுறையைச் சொல்பவை என்பது. ரேடியேஷன் எத்தனை நாள் என்று தேடினேன். நம் பக்கத்தில் "கரண்ட் வைப்பது" என்று சொல்வார்களே, அதுதான். நான் திறந்த அமெரிக்கப் பக்கம் ஒன்று ஐந்தாறு வாரங்கள் என்றது. பிரிட்டிஷ் பக்கம் மூன்று வாரம் என்றது. ஒரே வாரத்தில் ஐந்து முறை என்றும் ஓரிடத்தில் இருந்தது. மூன்றும் சரி. பிரிட்டனில் ஸ்டார்ட் என்ற ரேடியேஷன் சோதனைகளுக்குப் பிறகு பதினைந்து முறை, அதாவது மூன்று வாரம், வழக்கமாகியிருந்தது. 2020-இல் வெளிவந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் சோதனை, 4,096 நோயாளிகளில் சிலருக்குப் பதினைந்து முறையும் மற்றவர்களுக்கு ஐந்து முறையும் கொடுத்து ஒப்பிட்டு, கட்டி மீண்டும் வராமல் தடுப்பதில் ஐந்து முறை பின்தங்கவில்லை என்று காட்டியது. கிராமத்திலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ தினமும் பஸ்ஸில் போய்வர வேண்டிய பெண்ணுக்கு ஆறு வாரமா, மூன்று வாரமா என்பது சிறிய விஷயமா? சிகிச்சைக்குச் சம்மதிப்பதா வேண்டாமா என்பதையே அது தீர்மானித்துவிடும். இப்படி ஒரு வேறுபாடு கண்ணில் பட்டால், எந்தப் பக்கம் தவறு என்று ஆராய்வதில் பயனில்லை. "எங்களுக்கு எத்தனை நாள்?" என்பதைக் கேள்வித்தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் எழுதிக்கொண்டேன். பதினைந்து என்றார் டாக்டர்.

இந்த நாட்டு வேறுபாடு என்னையே இடித்த இடம் ஒன்று உண்டு. எனக்கு 43 வயது. சித்திக்கு வந்திருப்பதால் நான் மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்க வேண்டுமா என்று தேடினேன். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு, 2024-இல் திருத்திய பரிந்துரையில், 40 வயது முதல் 74 வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை என்கிறது. அதே குழு 2016-இல் 50-இலிருந்து என்று சொல்லியிருந்தது. பிரிட்டனில் 50 வயதிலிருந்து 71 வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைக்கிறார்கள். இந்திய அரசின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டி மேமோகிராமையே முன்வைக்கவில்லை. 30 முதல் 65 வயது வரை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையைச் சொல்கிறது. "நம் நாட்டில் எல்லாமே மட்டம்" என்று என் தோழி ஒருத்தி கோபப்பட்டாள். அந்தக் கோபத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை ஒன்றரை லட்சம் பெண்களை இருபதாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2021-இல் முடிவை வெளியிட்டது. கைப் பரிசோதனை செய்த பகுதிகளில் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. 50-க்குக் கீழே அப்படிப் பலன் தெரியவில்லை. இது நம் ஊர்ப் பெண்களின் மீது செய்து பார்த்துக் கிடைத்த விடை. அமெரிக்கப் பக்கத்தில் இதைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

மேமோகிராமின் நன்மை தீமையைப் பற்றி நிதானமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்கு ஆய்வுகளின் தொகுப்புகள் உதவும். காக்ரேன் அமைப்பு ஒரு கேள்வியைப் பற்றி உலகில் நடந்த சோதனைகளை எல்லாம் திரட்டி எடைபோடுகிறது. எளிய மொழியில் சுருக்கமும் தருகிறது. அந்தச் சுருக்கங்களில் சில தமிழிலும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் பயாப்சி முடிவு வந்துவிட்டவருக்கு இந்த விவாதம் தேவையில்லை. அது நேற்றைய கேள்வி.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. "மார்பகப் புற்றுநோய்" என்று தமிழில் போட்டுத் தேடினால் வருவதில் பெரும்பாலானவை அறிகுறிகள், சுயபரிசோதனை, வராமல் தடுக்கும் உணவுகள். எல்லாம் நோய் வருவதற்கு முந்தைய நாளோடு நின்றுவிடுகின்றன. வந்தபின் என்ன என்று கேட்டால் கிட்டத்தட்ட மௌனம். லெட்ரோசோல் என்ற ஹார்மோன் சிகிச்சை மாத்திரையைப் பற்றியோ, அக்குள் அறுவைக்குப் பிறகு கை வீங்குவதைப் பற்றியோ, ஃபிஷ் என்றால் என்ன என்பதைப் பற்றியோ தமிழ் மட்டும் தெரிந்த பெண் எங்கே போய்ப் படிப்பாள்? அந்த மௌனத்தில்தான் வாட்ஸ்அப் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மருத்துவர்களுக்கான வழிகாட்டிகளையும் ஆய்வுகளையும் நாம் படிக்கலாமா? படிக்கலாம், ஒரு குறிப்பிட்ட கேள்வி கையில் இருந்தால். சித்திக்குக் கட்டி 2.2 சென்டிமீட்டர். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுப்பதா, மார்பகம் முழுவதையும் எடுப்பதா என்று டாக்டர் எங்களையே முடிவு செய்யச் சொன்னார். உறவினர் எல்லாரும் "முழுவதும் எடுத்துவிட்டால் நிம்மதி" என்றார்கள். "கத்தி பட்டாலே பரவும்" என்று சொன்னவர்களும் உண்டு. நோயாளிகளுக்கான பக்கங்கள் இரண்டிலும் ஆயுள் ஒன்றுதான் என்றன. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துச் சித்தப்பாவை ஒப்புக்கொள்ளச் செய்ய முடியவில்லை. "யார் பார்த்தது? எத்தனை பேரிடம் பார்த்தது?" என்று கேட்டார். விவசாயி. ஒரு விதைநெல்லை வாங்கினால்கூட யார் வயலில் போட்டார்கள் என்று கேட்கிறவர்.

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் தேடினேன். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய சோதனையில் 1,851 பெண்கள். இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்த்தோ வெரோனேசி நடத்தியதில் 701 பெண்கள். இரண்டுமே இருபதாண்டு முடிவுகளை 2002-இல் வெளியிட்டன. முழுவதும் எடுத்தவர்களும் கட்டியை மட்டும் எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள். ஆனால் ஃபிஷரின் கட்டுரைச் சுருக்கத்தில் இன்னொரு கணக்கும் இருந்தது: கட்டியை எடுத்து ரேடியேஷன் பெற்றவர்களில் அதே மார்பகத்தில் மீண்டும் வந்தது 14.3 சதவீதம்; ரேடியேஷன் இல்லாதவர்களில் 39.2 சதவீதம். இதை ஒரு நோட்டுத்தாளில் தமிழில் எழுதிச் சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவர் மூன்று முறை படித்தார். "அப்படியானால் கரண்ட்டை ஒரு நாளும் விடக் கூடாது" என்றார். அந்த ஆய்வின் சாரத்தை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

எல்லாருக்கும் இந்தச் சோதனை முடிவு பொருந்தாது. கட்டி ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் இருந்தாலோ, ஏற்கெனவே அந்தப் பக்கம் ரேடியேஷன் பெற்றிருந்தாலோ கணக்கு வேறு. அந்த விதிவிலக்குகள் ஆய்வின் சுருக்கத்தில் இருக்காது, வழிகாட்டியில்தான் இருக்கும். அமெரிக்கப் புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பான என்.சி.சி.என். நோயாளிகளுக்கென்றே தனிப் புத்தகங்களை இலவசமாகத் தருகிறது. நம் நாட்டில் டாடா நினைவு மையத்தை நடுவாகக் கொண்டு 2012-இல் உருவான தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு, அதாவது நேஷனல் கேன்சர் கிரிட், தன் வழிகாட்டிகளை இணையத்தில் வைத்திருக்கிறது. மருத்துவர் மொழியில் எழுதப்பட்டது என்றாலும், நம் மருத்துவமனைகளில் எது சாத்தியம் என்பதை மனத்தில் வைத்து எழுதியது என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு.

புள்ளிவிவரப் பக்கங்களை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட மதிப்பீட்டில் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் 1,92,020 பேர்; இறந்தவர்கள் 98,337 பேர். இதைப் பார்த்துவிட்டு "இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிடுகிறார்" என்று சித்தியின் மகன் எனக்கு இரவு ஒரு மணிக்குப் போன் செய்து அழுதான். அந்தக் கணக்கு அப்படிப் போடக் கூடாதது. அந்த ஆண்டு இறந்தவர்கள் அந்த ஆண்டு நோய் கண்டவர்கள் அல்லர். முந்தைய பல ஆண்டுகளில் கண்டவர்கள், அதிலும் முற்றிய பிறகு வந்தவர்கள் பலர். ஒருவர் பிழைப்பாரா என்பதை அந்த இரண்டு எண்களையும் வகுத்துச் சொல்ல முடியாது.

பிழைப்பு விகிதம் வேண்டுமென்றால் அதற்கென்று தனிப் புள்ளிவிவரம் இருக்கிறது. அதிலும் கவனம் தேவை. மார்பகத்தைத் தாண்டாத நிலையில் ஐந்தாண்டுப் பிழைப்பு 99 சதவீதத்துக்கு மேல் என்கிறது அமெரிக்கக் கணக்கு. இந்தியாவில் 2012 முதல் 2015 வரை நோய் கண்டவர்களைப் பதினொரு புற்றுநோய்ப் பதிவேடுகளிலிருந்து எடுத்துப் பார்த்தபோது ஐந்தாண்டுப் பிழைப்பு 66.4 சதவீதம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நெஞ்சு பதறும். ஆனால் முதல் எண் ஆரம்ப நிலைக்கு மட்டும். இரண்டாவது எல்லா நிலைகளையும் சேர்த்தது. நம் பெண்கள் தாமதமாக வருவதும், சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அந்த இரண்டாவது எண்ணுக்குள் இருக்கின்றன. இவை அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் மிக அவசியமான எண்கள். சென்னையின் பதிவேட்டை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து நடத்திவருவது எவ்வளவு பெரிய தொண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அவை ஊரைப் பற்றிய எண்கள். சித்தியைப் பற்றியவை அல்ல.

ஒருவரைப் பற்றியே சொல்லக்கூடிய கருவியும் உண்டு. கேம்பிரிட்ஜில் உருவான பிரெடிக்ட் என்ற இணையக் கருவியில் வயது, கட்டியின் அளவு, கிரேடு, நெறிக்கட்டிகளின் எண்ணிக்கை, ஈ.ஆர்., ஹெர்2 போன்றவற்றைக் கொடுத்தால், அறுவைக்குப் பின் கீமோ கொடுத்தால் எவ்வளவு கூடுதல் பலன், ஹார்மோன் மாத்திரையால் எவ்வளவு என்று கணக்கிட்டுக் காட்டுகிறது. நூறு பெண்களைப் படமாகப் போட்டு, அவர்களில் எத்தனை பேர் என்று நிறம் தீட்டிக் காட்டுவது மிகத் தெளிவு. அது இங்கிலாந்துப் பெண்களின் தரவிலிருந்து உருவானது. அறுவை முடிந்து நெறிக்கட்டி முடிவு வந்த பிறகே பயன்படும். டாக்டரோடு உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே செய்தது. நான் எல்லா எண்களையும் நிரப்பிவிட்டுச் சித்தியிடம் காட்டலாமா என்று கேட்டேன். "எனக்கு அந்த எண் வேண்டாம் கண்ணு. கீமோ வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் டாக்டர் சொல்லட்டும்" என்றார். கைப்பேசியை அணைத்துவிட்டேன். தகவல் தெரிந்துகொள்வது உரிமை என்று நிறையப் படித்திருந்தேன். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவருடைய உரிமை என்று அன்றுதான் உறைத்தது. குடும்பத்தில் யார் தேடினாலும், எதைச் சொல்லலாம் என்று நோயாளியிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அனுபவப் பதிவுகளுக்கு வருகிறேன். மருத்துவர்கள் பலர் இவற்றைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். எனக்கு இவை கொடுத்ததை வேறு எதுவும் கொடுக்கவில்லை. அறுவைக்குப் பின் அக்குளிலிருந்து ஒரு குழாயும் அதன் முனையில் ஒரு குப்பியும் சில நாள் தொங்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அந்தக் குப்பியை எங்கே வைத்துக்கொண்டு நடப்பது, எப்படிக் குளிப்பது என்று யாரும் சொல்லவில்லை. எங்கோ ஒரு நாட்டுப் பெண் எழுதியிருந்தாள்: தோளில் மாட்டும்படி ஒரு சின்னத் துணிப்பை தைத்துக்கொள். என் அம்மா பழைய பருத்திப் புடவையில் இரண்டு பைகள் தைத்தார், ஒன்று துவைக்கும்போது மற்றொன்றுக்கு. முன்பக்கம் கொக்கி வைத்த தளர்ந்த ரவிக்கைகள் நான்கு தைத்து வாங்கியதும் அப்படிப் படித்துத்தான். சுவரில் விரல்களால் எறும்புபோல் ஏறி ஏறிக் கையை உயர்த்தும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தார். எட்டிய உயரத்தில் தினமும் பென்சிலால் கோடு போட வேண்டும் என்ற யோசனை ஒரு நோயாளியுடையது. அந்த அறைச் சுவரில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளையடிக்கச் சித்தி விடவில்லை.

இந்தப் பதிவுகளில் பிழை இருக்காதா? ஒரு மார்பகப் புற்றுநோய் இணையக் குழுவின் 4,600 செய்திகளை ஆராய்ந்து 2006-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தவறானவையோ திசைதிருப்புபவையோ பத்துதான். அவற்றில் ஏழை, சராசரியாக நாலரை மணி நேரத்துக்குள் மற்ற உறுப்பினர்களே திருத்திவிட்டார்கள். நோயோடு வாழ்கிறவர்கள் ஒருவரை ஒருவர் காத்துக்கொள்கிறார்கள். ஆனால் மருந்தைப் பற்றி அங்கே முடிவெடுக்கக் கூடாது. சித்தி லெட்ரோசோல் தொடங்கிய பிறகு காலையில் விரல்கள் மடங்காமல் விறைத்தன. தேடினேன், நூற்றுக்கணக்கான பெண்கள் அதையே எழுதியிருந்தார்கள். "எனக்கு மட்டும் இல்லையா?" என்று சித்தி நிம்மதி அடைந்தார். அவர்களில் சிலர் மாத்திரையை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அதைச் சித்தியிடம் படித்துக் காட்டவில்லை. டாக்டரிடம் சொன்னோம், அவர் வேறு வழி செய்தார். சிரமப்படுகிறவர்கள்தான் எழுதுகிறார்கள், மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போகிறவர்கள் எழுதுவதில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மருத்துவமனைகளின் வீடியோக்கள் அறுவை எப்படி நடக்கும், மயக்க மருந்து என்ன என்று பார்க்க நல்லவை. எந்த மருத்துவமனைக்குப் போவது என்று முடிவு செய்ய அவற்றை நம்பக் கூடாது.

வாட்ஸ்அப்பைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத முயல்கிறேன். சித்தியின் அண்ணன், எனக்குப் பெரிய மாமா, முள்சீத்தாப் பழம் கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது என்ற செய்தியை அனுப்பியதோடு, எங்கெங்கோ அலைந்து ஒரு கூடைப் பழமும் கொண்டுவந்தார். தங்கைமேல் வைத்த பாசம்தான் அது. மனிதர்களிடம் செய்த சோதனை எதிலும் அந்தப் பழம் புற்றுநோயைக் குணப்படுத்தியதில்லை. அமெரிக்காவில் 2018-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வழியை மட்டும் நம்பியவர்களைப் பார்த்தது. பரவாத மார்பகப் புற்றுநோயில் அவர்கள் இறக்கும் அபாயம் சிகிச்சை பெற்றவர்களைவிட ஐந்தரை மடங்குக்கும் மேல். அதே எழுத்தாளர்களில் சிலர் சமூக ஊடகங்களில் அதிகம் பகிரப்பட்ட 200 புற்றுநோய்க் கட்டுரைகளைப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் தவறான தகவல் இருந்தது. அவைதான் அதிகம் பகிரவும் பட்டன. மாமாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "பழத்தைச் சாப்பிடட்டும் மாமா, ஆனால் கீமோ டாக்டரிடம் கேட்டுவிட்டு" என்றேன். கூடையோடு அவரையே டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் அவரை உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசினார். அதற்குப் பிறகு கரண்ட் வைக்கப் பதினைந்து நாளும் காரோட்டி வந்தவர் மாமாதான்.

நல்ல பக்கத்தை அடையாளம் காண வழக்கமாகச் சொல்லும் விதிகள் உண்டு: எழுதியவர் பெயர், தேதி, மேற்கோள் இருக்கிறதா என்று பார். இவற்றை நானும் நம்பியிருந்தேன். 2008-இல் ஓர் ஆய்வு மார்பகப் புற்றுநோய் பற்றிய 343 பக்கங்களைச் சோதித்தது. 18 பக்கங்களில் பிழைகள் இருந்தன. அந்த விதிகளில் எதுவும் பிழையுள்ள பக்கத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. மாற்று மருத்துவம் பேசிய பக்கங்களில் மட்டும் பிழை இருக்கும் வாய்ப்பு பதினைந்து மடங்குக்கு மேல் அதிகம். மருத்துவத் தளங்களுக்கான தர முத்திரை என்று ஒரு காலத்தில் தேடிய ஹான் முத்திரையை வழங்கிய ஜெனீவா அமைப்பும் 2022 இறுதியில் மூடப்பட்டுவிட்டது. பழைய பக்கங்களில் அந்தச் சின்னம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பொருள் இல்லை.

அரட்டைச் செயலிகள் புதியவை. 2023-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் சாட்ஜிபிடியிடம் மார்பகப் புற்றுநோய்த் தடுப்பையும் பரிசோதனையையும் பற்றி 25 கேள்விகள் கேட்டார்கள். 22-க்குப் பொருத்தமான விடை வந்தது. ஒன்றில் காலாவதியான அறிவுரை. இரண்டில் கேட்கக் கேட்க விடை மாறியது. தமிழில் கேட்டால் தமிழிலேயே விளக்குவது பெரிய வரம். மேலே சொன்ன பள்ளத்தை ஓரளவு தூர்க்கக்கூடியது இதுதான். ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க, டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை ஒழுங்குபடுத்த நான் பயன்படுத்தினேன். ஆனால் சரியான விடையும் தவறான விடையும் ஒரே குரலில், ஒரே நிதானத்தில் வருகின்றன. ஆகவே சிகிச்சையை மாற்றக்கூடிய எதையும் அதன் சொல்லை மட்டும் வைத்து நம்பவில்லை. ரிப்போர்ட்டைப் படமெடுத்து ஏற்றுவதாக இருந்தால் பெயரையும் நோயாளி எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

இணையம் கைவிட்ட இடம் பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த மருத்துவமனைகள் இருக்கின்றன என்ற பட்டியல் கிடைக்கிறது. ஆனால் இந்த ஃபிஷ் பரிசோதனைக்குக் கிடைக்குமா, இந்த மாத்திரைக்குக் கிடைக்குமா என்பது மருத்துவமனையில் உள்ள காப்பீட்டு மேசையில்தான் தெரியும். ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு முதல் நாளே அங்கே போய்விட வேண்டும். நாங்கள் மூன்றாவது வாரம்தான் போனோம்.

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் டீச்சர் ஒருவர் தன் அம்மாவின் ரிப்போர்ட்டோடு வந்தார். கைப்பேசியில் பிழைப்பு விகிதப் பக்கம் திறந்திருந்தது, கண்கள் வீங்கியிருந்தன. கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டுத் தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தேன். பென்சிலால் நான்கு இடங்களில் வட்டம் போட்டேன். கடைசி வட்டத்துக்குள் ஹெர்2-வுக்கு நேரே 1+ என்று இருந்தது. "கூட்டல் குறி போட்டிருக்கிறதே, அப்படியென்றால்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பக்கத்தைத் திறந்து, வரிவரியாகத் தமிழில் படித்துக் காட்டத் தொடங்கினேன்.